தலை போன ஆணி

தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவருக்கு வாரத்தில் கிடைப்பது ஒரு பகலும் கொஞ்சமும்தான். சனிக்கிழமை பறித்த கொழுந்து இரவெல்லாம் வாடி, ஞாயிறு விடியற்காலையில் அரைபட்டு, மத்தியானத்துக்குள் தூளாகிவிடும். ஞாயிறு மலைக்கு ஆள் போகாத வாரமென்றால் அதற்குப் பிறகு கொழுந்தை அரைக்கும் ரோலர் சும்மா நிற்கும். திங்கள் புதுக் கொழுந்து வந்து வாடப் போட்டாயிற்றென்றால் செவ்வாய் விடியுமுன் ரோலர் ஓடியே ஆகவேண்டும். வாடி முடிந்த கொழுந்தை இன்னும் அரை நாள் வைத்திருக்க முடியாது. பதம் தப்பினால் நிறம் போகும், மணம் போகும், ஏலத்தில் விலையும் போகும்.

டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் இடையிலுள்ள ஒரு தோட்டத்துத் தொழிற்சாலைக்கு நான் போனது அப்படியொரு திங்கட்கிழமை. ஜூலை மாதம். தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்தின் பெயரையும் ஃபிட்டரின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன். அவர் சொன்னவற்றில் சில, வேலையில் இருக்கும் ஒருவர் வெளியில் சொல்லக்கூடாதவை. அங்கே எல்லாரும் அவரை ‘ஃபிட்டர் பாஸ்’ என்கிறார்கள். நான் அண்ணே என்றேன்.

நான் பார்க்கப் போனது ஒரே ஒரு வேலையை: தலை தேய்ந்துபோன, கழுத்து முறிந்துபோன ஆணிகளை வெளியே எடுப்பது. சின்ன வேலை என்றுதான் தோன்றும். ஆனால் நூறு வருடத்துக்கு முன் வார்த்த இரும்பை இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலில், கழலாத ஓர் ஆணி முழு ரோலரையும் நிறுத்திவைக்கும்.

“எல்லாரும் கொழுந்து எடுக்கிறதப் போட்டோ புடிக்கத்தான் வருவாங்க. நீங்க என்னா தம்பி, மேசைக்கு அடியில வந்து குந்துறீங்க?” என்றார். மல்லாந்து படுத்திருந்தார். நெஞ்சின்மேல் சுத்தியலும் நாலைந்து திருப்புளிகளும். கையில் டார்ச்சோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். அவரை மாமா என்று கூப்பிட்டான். அதே லயத்துப் பிள்ளை.

ரோலரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கனத்த கால்களில் நிற்கும் வட்டமான மேசை. அதன் மேலே அடியில்லாத அண்டாவைப் போல ஒரு ஜாக்கெட். பெரிய ரோலரென்றால் முந்நூறு கிலோவுக்கு மேல் வாடிய கொழுந்து அதற்குள் போகும். மூன்று பக்கமும் கிராங்குகள் சுற்ற, ஜாக்கெட் மேசைமேல் வட்டமடித்துக் கொழுந்தைத் தேய்த்து முறுக்கும். மேசையில் பிறை வடிவத்தில் பதித்த பித்தளைப் பட்டைகள், ‘பேட்டன்’ என்பார்கள், கொழுந்தைப் புரட்டிக் கொடுக்கும். பேட்டன் தேய்ந்தால் இலை முறுக்கேறாமல் வெறுமனே வழுக்கும். அதைக் கழற்றி மாற்றவேண்டும். அதைப் பிடித்திருக்கும் ஆணிகளோ மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில், கொழுந்துச் சாற்றில் ஊறியவை.

அந்தச் சாறு பொல்லாதது. அதிலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மையைப்போல் கறுக்கும். பித்தளையும் இரும்பும் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் இரும்பு விரைவாக அரிபடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். புரிக்கும் புரிக்கும் நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளியை அது வீங்கி நிரப்பிவிட்டால் ஆணியும் ஓட்டையும் ஒன்றாகிவிடும். போதாததற்கு, பகலில் ட்ரையர் ஓடும்போது கூடம் முழுக்கச் சூடு. இரவில் ஆயிரத்து இருநூறு மீற்றருக்கு மேலான மலைக்குளிர். இரும்பு நாள்தோறும் வேர்த்துக் காய்கிறது.

முதலில் தலை தேய்ந்த ஆணிகள். அவற்றில் திருப்புளி வைக்கும் வெட்டு உருண்டு பள்ளமாகிக் கிடந்தது. யாரோ பொருந்தாத திருப்புளியைப் போட்டுத் திருகிய தடம் என்றார். அண்ணன் உடனே திருகத் தொடங்கவில்லை. ஆணிக்கு ஆணி சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டு போனார். சில ‘கிண்’ என்றன. சில ‘டப்’ என்றன. ‘டப்’ என்றதைச் சுற்றிச் சோக்கினால் வட்டம் போட்டான் பையன். “கிண்ணுன்னு கேட்டா உள்ள கெட்டியாப் புடிச்சிருக்குன்னு அர்த்தம். இந்தச் சோக்குப் போட்டது லேசில வந்துரும், அத முதல்ல எடுப்போம். மத்ததுக்கு எண்ணெ வச்சி ஊறப் போடுவோம்.”

எண்ணெய் என்று அவர் சொன்னது கடையில் வாங்கும் தகர டப்பா ஸ்பிரே அல்ல. கியர் பெட்டிக்குப் போடும் ட்ரான்ஸ்மிஷன் ஆயிலில் பாதிக்குப் பாதி அசிட்டோன் கலந்தது. கலக்கிய கையோடு போடவேண்டும். வைத்தால் இரண்டும் பிரிந்து நிற்கும். நிறைய ஊற்றவும் கூடாது, தொழிற்சாலையில் எண்ணெய் வாசம் தூளில் ஏறிவிடும். வேலை முடிந்ததும் மேசையைச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவித் துடைத்தாகவேண்டும். ஒரு சொட்டு, கொஞ்சம் தட்டல், காத்திருப்பு. மறுபடி ஒரு சொட்டு. தட்டும்போது துருவில் நுண்ணிய வெடிப்பு விழுகிறது, அதன் வழியே எண்ணெய் இறங்குகிறது.

ஊறிய பிறகு உருண்ட வெட்டுக்குள் வால்வு தேய்க்கும் பசையைக் கொஞ்சம் அப்பினார். அதிலுள்ள மணல்போன்ற பொடி திருப்புளி நுனிக்குப் பிடிமானம் தரும். பிறகு அடித்துத் திருப்பும் திருப்புளியை வைத்து மேலே ஒரு அடி. அடி விழும்போதே நுனி ஆணிக்குள் அழுந்தி, அதே கணத்தில் கொஞ்சம் சுழலும். ஐந்தாறு ஆணிகள் அப்படியே இறங்கி வந்தன. வராதவற்றுக்கு ஹெக்ஸோ பிளேட்டால் புதிதாக ஒரு வெட்டு. அதற்கும் வராததற்குத்தான் துளை போடுவது.

துளை போடத் தொடங்கியதும் தூள் சலிக்கும் அறையிலிருந்து ஓர் அக்கா வந்து நின்றார். கையில் ஈரத்துணி. சுருள் சுருளாக விழும் உலோகச் சீவல் ஒன்றுகூட மேசைமேல் தங்கக்கூடாது. தூள் போகும் வழியில் காந்தங்கள் இருக்கின்றன, இரும்பை அவை பிடிக்கும். பித்தளையைக் காந்தம் பிடிக்காது. அதனால் அண்ணன் துளையைச் சுற்றிக் கோதுமை மாவைப் பிசைந்து அணை கட்டியிருந்தார். ரொட்டிக்குப் பிசைகிற அதே மா. சீவல் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். கிரீஸ் பூசினாலும் பிடிக்கும்தான், ஆனால் தேயிலை படும் இடத்தில் கிரீஸ் எதற்கு என்பது அவர் கேள்வி. வேலை முடிந்ததும் அந்த அக்கா மாவுருண்டையை எடுத்துக் கடதாசியில் சுற்றி, மேசையை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும் என்றார். டார்ச் அடித்தும் பார்த்தார். அதன் பிறகுதான் அடுத்த துளை.

அன்றைய பெரிய வேலை பேட்டன் அல்ல. ரோலரின் ஒரு காலில், கிராங்கைத் தாங்கும் பேரிங்கின் மூடியைப் பிடித்திருந்த ஸ்டட் என்ற தலையில்லா ஆணி ஒன்று முறிந்து, வார்ப்பிரும்போடு மட்டமாக உள்ளே நின்றுவிட்டது. அதை எடுக்க வெளியிலிருந்து ஒருவரை அழைத்திருக்கிறார்கள். அவர் துளை போட்டு, எக்ஸ்ட்ராக்டரை இறக்கி, நீளப் பிடி போட்டுத் திருப்ப, எக்ஸ்ட்ராக்டரே உள்ளே முறிந்துபோயிற்று. வந்தவர் சாமானை அள்ளிக்கொண்டு போய்விட்டார். ஒரு முறிவு இரண்டாயிற்று.

எக்ஸ்ட்ராக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பட்டறைகளில் ஈசி அவுட் என்பார்கள். நுனி சிறுத்து மேலே பருத்த ஒரு கடினமான உருக்குக் கம்பி. அதில் இடப்பக்கமாகச் சுற்றும் முறுக்கு வெட்டு. முறிந்த ஆணியின் நடுவில் துளை போட்டு, இதைத் தட்டி இறக்கி, ஆணி கழலும் திசையில் திருப்பினால் முறுக்கு உள்ளே கடித்துக்கொள்ளும். திருப்பத் திருப்ப இன்னும் இறுகும். இறுக்கம் போதுமானால் ஆணி சுழன்று வெளியே வரும். யோசனை அருமையானதுதான். ஆனால் பெட்டியின்மேல் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. நுனி சிறுத்த கம்பி ஆப்பாக இறங்கும்போது ஆணியை உள்ளிருந்து விரிக்கிறது. சுவர் மெல்லிய ஆணியென்றால் விரிந்து ஓட்டையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். துருப்பிடித்த ஆணிக்கு எக்ஸ்ட்ராக்டர் மட்டும் போதாது. முதலில் துருவின் பிடியைத் தளர்த்தவேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் பிடியை நீட்டிக்கொண்டே போனால் எது முதலில் முறியும் என்பதில் சந்தேகமே வேண்டாம். எக்ஸ்ட்ராக்டர் கடினமானது, ஆகவே நொறுங்கக்கூடியது. அது உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் பிட் அதன்மேல் வழுக்கி ஓடும், கீறல்கூட விழாது.

“அவசரத்தில தம்பி, எல்லாம் அவசரத்தில. கையில சுத்துறப்பவே தெரியும். ஆணி கழலப்போறப்ப ஒரு மாதிரி இருக்கும், முறியப்போறப்ப ஒரு மாதிரி இருக்கும். முறியப்போற ஆணி ரப்பரு மாதிரி கொஞ்சம் குடுக்கும். அந்த எடத்தில நிறுத்தணும். நிறுத்தி, வந்த வழியே கொஞ்சம் இறுக்கணும். இறுக்கி, திரும்பக் கழட்டணும். முன்னயும் பின்னயும். ஒரு மணி நேரம் போகட்டுமே.”

கழற்றவேண்டிய ஆணியை இறுக்குவதா என்று கேட்டேன். இறுக்கும்போது துரு நொறுங்கித் தூளாகும், எண்ணெய் உள்ளே போக வழி விடும், கழற்றும்போது அந்தத் தூள் வெளியே வரும் என்றார். எந்தப் பாடப்புத்தகத்திலும் அவர் படித்ததில்லை. பொறியியல் தெரிந்தவர்களைப் பிறகு கேட்டேன். அதுதான் சரி என்றார்கள்.

இனி உள்ளே முறிந்துகிடக்கும் எக்ஸ்ட்ராக்டர். துளை போட முடியாது. வெல்ட் பிடித்து மேலே ஒரு நட்டை ஒட்டவைத்துத் திருப்பலாம். முறிந்த முனை மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் எளிய வழி, வெல்டிங் சூட்டிலேயே துருவின் பிடி பாதி விட்டுவிடும். இங்கே எல்லாம் மட்டத்துக்குக் கீழே. நொறுங்கும் குணம்தான் எக்ஸ்ட்ராக்டரின் பலவீனம், அதையே பிடித்துக்கொண்டார் அண்ணன். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டார், பையனையும் போடச் சொன்னார், என்னைத் தூணுக்குப் பின்னால் போகச் சொன்னார். கூர்மையான பஞ்ச் ஒன்றை எக்ஸ்ட்ராக்டரின் விளிம்பில் சாய்வாக வைத்துச் சின்னச் சின்ன அடியாக அடித்தார். பெரிய அடி அடித்தால் வார்ப்பிரும்பின் காது தெறித்துவிடும். வார்ப்பிரும்பும் நொறுங்கும் சாதிதான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிறு மணியளவு துணுக்கு ஒன்று. பிறகு இன்னொன்று. காந்தக்கம்பியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு டின் மூடியில் போட்டான் பையன். முறுக்கு வெட்டின் வடிவம் அந்தத் துணுக்குகளில் தெரிந்தது. எல்லாத் துணுக்கையும் சேர்த்துவைத்துப் பொருத்திப் பார்த்தார், ஏதாவது உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று.

பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, என்ஜின் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு கல்லும் சூலமும் மஞ்சள் பூசி இருந்ததைப் பார்த்தேன். ரோதைமுனி. ரோதை என்றால் சக்கரம். தொழிற்சாலை இயந்திரங்களைக் காக்கும் சாமி. மலையகத்துத் தொழிலாளர் ஊரிலிருந்து கொண்டுவந்த முனியை இங்கிலாந்திலிருந்து வந்த சக்கரத்துக்குக் காவல் வைத்திருக்கிறார்கள். ரோலரைத் திறக்குமுன் அண்ணன் அங்கே சூடம் கொளுத்திவிட்டுத்தான் வந்தாராம். இயந்திரத்தில் கை போனவர்கள் இருக்கிற தொழிலில் இதை நான் வேடிக்கையாகப் பார்க்கமாட்டேன்.

இயந்திரங்களின் கதை எழுதப்பட்டிருக்கிறது. 1867இல் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது, 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது, வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த ரோலர்களை கெய்ன்ஸ்பரோ ஊரில் மார்ஷல் கம்பனி வார்த்தது, பெல்பாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் சிரோக்கோ ட்ரையரைச் செய்தது எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. 1854இல் கண்டியில் ஜோன் வோக்கர் கோப்பி இயந்திரங்களுக்காகத் தொடங்கிய பட்டறையும், 1875இல் ஹட்டனில் தோட்ட இயந்திரங்களுக்காகத் தொடங்கிய பிரவுன் கம்பனியும் பின்னாளில் பெரிய நிறுவனங்களாயின. 1884இல் ஹட்டனுக்கு ரயில் வந்தது. அதற்கு முன் இந்தக் கனத்த வார்ப்புகள் மாட்டு வண்டியில் மலையேறின. யார் ஏற்றினார்கள், யார் பூட்டினார்கள், நூற்றைம்பது வருடம் யார் கழற்றி மாட்டினார்கள் என்பதற்குப் பெயர்கள் இல்லை. 2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டானதை நினைவுகூர்ந்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அப்போது வந்த படங்களிலும் சுவரொட்டிகளிலும் கூடை சுமந்த பெண்ணைப் பார்த்தேன், பார்த்துப் பெருமைப்பட்டேன். ஸ்பேனர் பிடித்த கையை எங்கும் பார்க்கவில்லை. தேயிலையைப் பறிப்பது மட்டும்தான் நம் உழைப்பு என்று நாமே நம்பிவிட்டோமோ என்று எனக்கு வருத்தம் உண்டு.

இந்த ஸ்டட் ஏன் முறிந்தது என்ற கேள்விக்கு விடை பின்னேரம்தான் கிடைத்தது. எக்ஸ்ட்ராக்டர் துணுக்குகள் போன பிறகு அண்ணன் துளையின் நடுவைத் திரும்பக் கண்டுபிடித்தார். முந்தியவர் போட்ட துளை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அப்படியே பெருக்கினால் பிட் ஓட்டையின் புரியைத் தின்றுவிடும். ஹட்டனில் லேத்தில் கடைந்து வைத்திருந்த ஒரு பித்தளைப் புஷ்ஷை மூடியின் ஓட்டைக்குள் இறக்கி, அதன் நடுவழியே பிட்டைவிட்டார். பிட் விலக வழியில்லை. அவரிடம் இடப்பக்கமாக வெட்டும் பிட் இரண்டு உண்டு. அது வெட்டும் திசையும் ஆணி கழலும் திசையும் ஒன்று. பாதி நேரம் துளை போடும்போதே ஆணி தானாகப் பிட்டோடு சுழன்று வந்துவிடும், எக்ஸ்ட்ராக்டருக்கே வேலை வராது என்றார். இந்த முறை வரவில்லை.

பிறகு சூடு. கேஸ் டார்ச்சை வார்ப்பிரும்பின்மேல் தூரத்தில் பிடித்து மெதுவாகக் கிட்டக் கொண்டுவந்தார். சுற்றியுள்ள இரும்பு விரியவேண்டும், ஆனால் ஒரே இடத்தில் கொதித்து வெடிக்கக்கூடாது. தண்ணீர் தெளித்தால் ஆவியாகும் பதத்தில் டார்ச்சை அணைத்துவிட்டு, மெழுகுதிரியை ஸ்டட்டின் விளிம்பில் தொட்டார். மெழுகு உருகி ஓடவில்லை, உள்ளே இழுபட்டது. விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடாக இறங்கி மறைந்தது. கொஞ்சம் ஆறவிட்டு, முறுக்கில்லாத நேர்வெட்டு எக்ஸ்ட்ராக்டர் ஒன்றைத் தட்டி இறக்கினார். அது ஆணியை அதிகம் விரிக்காது. கைப்பிடி குட்டையானது, வேண்டுமென்றே குட்டையானது. முன்னே கால் சுற்று, பின்னே கால் சுற்று. அவர் முகத்தைப் பார்த்தேன், கண்ணை மூடியிருந்தார். அரை மணிக்குமேல் போயிற்று. கிறீச்சென்று ஒரு சத்தம். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஸ்டட் ஒரு நூல் மேலே வந்திருந்தது.

வெளியே எடுத்த துண்டைத் துடைத்து, புரிச்சீப்பை வைத்து அளந்தார். “பாருங்க. இது பன்னெண்டு மில்லிமீட்டரு. ஓட்ட அரை இஞ்சி.”

மார்ஷல் காலத்து இயந்திரங்களில் புரி எல்லாம் விட்வர்த். ஜோசப் விட்வர்த் 1841இல் முன்வைத்த அளவு. புரியின் கோணம் 55 பாகை. அரை அங்குல விட்வர்த்தில் அங்குலத்துக்குப் பன்னிரண்டு புரி. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர். இன்று கடையில் கிடைக்கும் மெட்ரிக் 12 அதைவிட 0.7 மில்லிமீற்றர் மெலிந்தது, கோணம் 60 பாகை, புரிக்குப் புரி 1.75 மில்லிமீற்றர். போட்டால் முதல் இரண்டு மூன்று சுற்றுப் போகும். பிறகு புரிகள் ஒன்றோடொன்று இடறி இறுகும். போட்டவர் ஸ்டட் நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடுவார். ரோலர் குலுங்கக் குலுங்க மேலேயுள்ள அந்த இரண்டு மூன்று புரியே முழுப் பாரத்தையும் சுமக்கும். ஒருநாள் கழுத்தில் முறியும்.

போட்டவர்மேல் அண்ணனுக்குக் கோபம் இல்லை. “2022ல போட்டது இது. அப்ப என்னா கெடச்சிச்சி சொல்லுங்க?” அந்த வருடத்தை இலங்கையில் யாரும் மறக்கமாட்டார்கள். மார்ச் இறுதியில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வரை போயிற்று. டீசலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. உதிரிப்பாகம் இறக்க டொலர் இல்லை. அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத்தைத் தடைசெய்ததில் கொழுந்தும் குறைந்தது. 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 251 மில்லியனுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் ரோலர் நிற்கும். ஓடுகிற இயந்திரத்தைவிட நிற்கிற இயந்திரத்தில்தான் துரு வேகமாக ஏறும். அந்த ஒன்றிரண்டு வருடத்தின் துருவைத்தான் இன்னமும் கழற்றிக்கொண்டிருக்கிறேன் என்றார். பஞ்சகாலம் ஓர் இயந்திரத்துக்குள் இப்படித் தங்கியிருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஓட்டைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். மேலே இரண்டு மூன்று புரி சிதைந்திருந்தது. அதற்குக் கீழே, மெட்ரிக் ஸ்டட் எட்டாத ஆழத்தில், பழைய விட்வர்த் புரி வெட்டிய நாளில் இருந்தபடி பளிச்சென்று இருந்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த புரி வெட்டும் அரை அங்குல விட்வர்த் டேப்பை எடுத்து, கையாலேயே மெதுவாக இறக்கி ஓட்டையைத் துப்புரவாக்கினார். அந்த டேப் அவருக்கு முந்திய ஃபிட்டர் கொடுத்தது. அவருக்கு அவருக்கு முந்தியவர். இப்போது நினைத்தாலும் வாங்குவது சுலபமில்லை. புதிய ஸ்டட்டைக் கொஞ்சம் நீளமாகக் கடையவேண்டும், கீழேயுள்ள நல்ல புரியைப் பிடிக்கும்படி. அளவைக் கடதாசியில் எழுதிப் பையனிடம் கொடுத்து ஹட்டனுக்கு அனுப்பினார். அங்கே ஒரு லேத் பட்டறையில் அங்குலப் புரி வெட்டும் பழைய லேத் இருக்கிறது.

பையன் திரும்பும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அண்ணனின் தாத்தா இதே தொழிற்சாலையில் தண்ணீர் ரோதை ஓடிய காலத்தில் அதைப் பார்த்துக்கொண்டவர். அப்பா ட்ரையரில் நெருப்புப் போட்டவர். சித்தப்பா ஒருவர் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போய்க் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் இதே வேலைதான் பார்த்தாராம். அங்கேயும் பழைய ரோலர்களாம், அங்கேயும் விட்வர்த்தாம். இவருக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அனுபவம். தோட்டத்துப் பெயரேடான செக்ரோலில் இவர் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். தொழிலாளி என்றார். ஃபிட்டர் என்று போட்டால் வேறு சம்பளம் கொடுக்கவேண்டி வரும், அதனால் வாயால்தான் ஃபிட்டர், புத்தகத்தில் இல்லை.

இதில் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. இது அநியாயம். ஒரு சின்னத் தவறில் வார்ப்பிரும்புக் கால் வெடித்தால் அந்தக் காலைப் புதிதாக வார்க்க இன்று நாட்டில் எத்தனை இடம் இருக்கிறது? அந்தச் செலவைக் கம்பனிக்கு மிச்சப்படுத்தும் மனிதர், புல் வெட்டுகிறவருக்கும் தனக்கும் ஏட்டில் வித்தியாசம் இல்லாமல் ஓய்வு பெறப்போகிறார். புல் வெட்டுவதும் மதிப்பான வேலைதான்; அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அனுபவத்தால் தொழில் கற்றவர்களுக்குப் படிப்பில்லாமலே தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்க இலங்கையில் வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். செய்த வேலைகளின் ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பிட வருகிறவர் முன்னால் செய்துகாட்டவேண்டும். அண்ணன் கேள்விப்பட்டிருக்கிறார். கோப்பு என்றதும் தயங்குகிறார். “நான் செஞ்ச வேல எல்லாம் மெசினுக்குள்ள இருக்கு தம்பி. அத எப்பிடிப் பேப்பர்ல ஒட்டுறது?” அதைச் செய்துகொடுக்கத் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன, தோட்டத்துப் பிள்ளைகளில் ஆசிரியரானவர்கள் இருக்கிறார்கள். கூலிப் பேச்சுவார்த்தைக்குக் காட்டும் வேகத்தில் பாதியை இதற்குக் காட்டினாலும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஒருவருக்காவது சான்றிதழ் கிடைக்கும். அப்படியொரு சான்றிதழோடு இந்தப் பையன் கொழும்புக்கோ கட்டாருக்கோ போனால் அவன் உதவியாளாகப் போகமாட்டான்.

இருட்டி ஒரு மணிநேரம் கழித்துப் பையன் நனைந்துகொண்டு வந்தான். ஸ்டட்டைக் கடதாசியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தான். கையாலேயே கடைசிவரை இறங்கியது. கையால் இறங்காத ஸ்டட்டுக்கு ஸ்பேனர் போடக்கூடாது என்பது அண்ணனின் சட்டம். கொப்பர் கிரீஸ் கொஞ்சம் புரியில் தடவியிருந்தார், அடுத்த முறை கழற்றப்போகிறவருக்காக. பேரிங் மூடி தேயிலை படாத இடம். அங்கே கிரீஸ் போகலாம். மூடி ஏறியது, நட் ஏறியது, ரோலர் வெறுமையாகச் சுற்றிப் பார்க்கப்பட்டது. மேலே வாட்டும் தட்டுகளில் கொழுந்து நிறைந்து விசிறிகள் ஓடத் தொடங்கியிருந்தன.

அண்ணனிடம் ஒரு பாடசாலைக் கொப்பி இருக்கிறது. எந்த ரோலரில் எந்த ஓட்டை என்ன புரி என்று எழுதி வைத்திருக்கிறார், தமிழில், சில இடங்களில் படம் போட்டு. பக்கத்துத் தோட்டத்து ஃபிட்டர் ஒருவர் அதை ஹட்டனில் போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அன்றிரவு அவர் கை கழுவப் போயிருந்தபோது பையன் அதைத் திறந்து, மூன்றாம் ரோலர் பக்கத்தில் புதிதாக எழுதினான்: ரெண்டாம் கால், வெளிப்பக்க ஸ்டட். அரை இஞ்சி, 12 புரி. மேல் புரி பழுது, நீள ஸ்டட் போட்டிருக்கு. மெட்ரிக் போட வேண்டாம். எழுதியதை அண்ணனிடம் காட்டினான். அவர் வாசித்துவிட்டு, லேத்துக்குக் கொடுத்த நீள அளவையும் அதில் சேர்க்கச் சொன்னார்.